வளைவில் ஒரு குடித்தனம்

நீர்நாய் நாய் இல்லை. இதை என் மாமியாருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. புரிந்த பிறகும் அவர், "உன் நாய்ங்க எப்படி இருக்கு?" என்றுதான் விசாரிப்பார். ஒரு கீரிப்பிள்ளையைக் கொழுக்க வைத்து, வாலைத் தடிப்பாக்கி, விரல்களுக்கு நடுவே சவ்வு ஒட்டி ஆற்றில் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் நீர்நாய். மீன் தின்னும், நண்டு தின்னும், குடும்பமாக வாழும், மனிதவாடை பட்டால் மாயமாகிவிடும். அதைத் தேடி ஆற்றங்கரையில் தவழ்வதுதான் என் உத்தியோகம்.

தவழ்வது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. முழங்காலிலும் முழங்கையிலும் சேறு பூசிக்கொண்டு, பாறை மேலும் வேர் மேலும் அது போட்டுவிட்டுப் போன எச்சத்தை இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போடுவேன். மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும் மினுமினுக்கும். பூனையுடையதா நீர்நாயுடையதா என்று சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்ப்பேன். ஆய்வு நிலையத்தில் எனக்கு மூக்கு என்று பெயர் வந்தது அதனால்தான். கோபம் எப்போதும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருப்பதும் ஒரு காரணம் என்று கொக்கு சொல்வான்.

கொக்கு என்னோடு வேலை பார்ப்பவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், பறவைகளில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன், பெரிய பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். ஆறடிக்கு மேல் உயரம். தண்ணீரில் நின்றால் அசையாமல் நிற்பான். நீர்நாய் ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று நான் கூப்பிட்டதும் பறவைகளை விட்டுவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து ஒரு நீர்நாயைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். போன வருடம் ஒரு காலையில், ஊர் முடிகிற இடத்தில் ஆறு திரும்புகிற வளைவில். வயதான மரங்களின் வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. தாய் முன்னால், இரண்டு குட்டிகள் பின்னால், சேற்றுச் சரிவில் சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. பையிலிருந்து கேமராவை எடுப்பதற்குள் ஆறு ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு அப்போது குடிதண்ணீர் எடுத்துவர ஜீப்புக்குப் போயிருந்தான்.

அந்த மழைக்காலத்திலேயே வெள்ளம் கரையைத் தாண்டித் தாழ்வான தெருவுக்குள் புகுந்தது. அதன் பிறகு வளைவு முழுக்கக் கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று திட்டம் போட்டார்கள். வேரையெல்லாம் பிடுங்கி, கரையை மழமழவென்று சாய்த்து, ஆற்றைச் சாக்கடை மாதிரி ஆக்குவது. அரிய விலங்கு ஒன்று குட்டி போட்டு வாழ்கிற இடம் என்றால் அங்கே சுவர் கட்டக் கூடாது என்று விதி இருந்தது. வாழ்கிற இடமாக இருக்க வேண்டும், வந்துபோகிற இடம் போதாது. இதை முடிவு செய்ய ஒரு குழு. குழுவுக்குத் தலைவி, ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா. நான் பார்த்த குடும்பம் அங்கே குடியிருக்கிறது என்று நிரூபித்தால் வளைவு பிழைக்கும். இல்லையென்றால் அவ்வளவுதான்.

முதல் விசாரணையில் என் மானம் கப்பலேறியது.

ஆய்வுக்கூடத்தில் சோதித்த எச்சங்களின் முடிவை நான் நீட்டினேன். நீர்நாய்தான், சந்தேகமே இல்லை. சுவர் கட்டுகிற இன்ஜினியர் எழுந்தார். அமைதியான மனிதர், சட்டைப்பையில் பென்சில், கையில் ஒரு கோப்பு. அவரைத் திட்டிக்கொண்டே வந்த எனக்கு அவர் மரியாதையாகப் பேசியது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், எச்சம் இருக்குன்னு நானும் ஒத்துக்கறேன். அந்த வழியா வந்துட்டுப் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டுல வந்து போறவங்க எல்லாம் அங்கயே குடியிருக்காங்கன்னு சொல்ல முடியுமா?" என்றார். பிறகு கோப்பிலிருந்து படங்களை எடுத்து வைத்தார். தாழ்வான தெருவில், இடுப்பளவு தண்ணீரில், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அந்த வீடுகள் மறுபடி மூழ்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசையா?

"குட்டிகளோட பாத்தேன் மேடம், என் ரெண்டு கண்ணால பாத்தேன்," என்றேன்.

"நீங்க பாத்தீங்க, சரி. வேற யாரு பாத்தாங்க?" என்று கேட்ட நீதிபதி அம்மா, கொக்குவின் பக்கம் திரும்பினார். "கூடவே வேலை செய்யறீங்களே, நீங்க பாத்தீங்களா?"

கொக்கு எழுந்து நின்றான். அவன் எழுந்து முடிக்கவே நேரமாகும். "இல்ல மேடம். நான் பாக்கல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல மேடம். ஆனா அவங்க பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பாங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த அமர்வுக்குள் வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லி நீதிபதி அம்மா கோப்பை மூடினார். எங்கள் நிலையத்து டைரக்டர் என் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் கொக்குதான் ஆரம்பித்தான்.

"என்னக்கா, பொய் சொல்லியிருக்கணுமா?"

"உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? அன்னிக்கு அந்த நேரம் பாத்து ஜீப்புக்குப் போகாம இருந்திருக்கலாம்ல?"

"தண்ணி வேணும்னு கேட்டதே நீங்கதான்."

உண்மைதான். அதனால் என் கோபம் இரட்டிப்பானது.

வீட்டில் அது தெரிந்ததும் மாமியார் ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். என் எச்சப் புட்டிகளில் பாதி அங்கேதான் இருக்கும், நிலையத்தில் இடம் போதாது. "மீனு இருக்கு. மீனத் தின்னதோட கழிவும் இருக்கு. நடுவுல நாயத்தான் காணோம்," என்றார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்த மனிதர் என்பதால் இருமுவது போல் வெளியே போய்விட்டார்.

ஆதாரம் என்றால் படம். அதற்காகத்தான் ஏழெட்டு மாதமாக வளைவில் மூன்று கேமராக்களைக் கட்டி வைத்திருந்தோம். ஆள் இல்லாமலே படம் பிடிக்கிறவை. எதிரே உயிருள்ளது எதுவும் அசைந்தால் தானாக விழித்துக்கொண்டு படம் எடுக்கும். நீர்நாய் தண்ணீரிலிருந்து கரையேறும் தடம் எனக்கு அத்துப்படி. அந்தத் தடங்கள் மூன்றிலும், தண்ணீர் விளிம்பை ஒட்டி, நானே பார்த்துப் பார்த்துக் கட்டியவை.

அவற்றில் தெருநாய்கள் வந்தன. பூனை வந்தது, மாடு வந்தது. கொக்குகளும் நாரைகளும் வந்தன, நம் கொக்குவுக்கு அதில் பரம சந்தோஷம். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர் தினமும் வந்து உடற்பயிற்சி செய்தார். பிறகு ஒருநாள் கேமராவைக் கண்டுபிடித்து, கிட்ட வந்து அதன் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். நீர்நாயைத் தவிர ஊரில் உள்ள அத்தனை உயிரும் என் கேமராவில் இருந்தது.

என்னைப் பைத்தியமாக்கியது அது இல்லை. கேமராவுக்கு நேர் எதிரில், ஈரச் சேற்றில், சவ்வுக் கால் தடம் பளிச்சென்று இருக்கும். பக்கத்தில் சூடு ஆறாத எச்சம் இருக்கும். படம் மட்டும் இருக்காது. கேமரா பழுதோ என்று பார்த்தால், கையை ஆட்டினால் எடுக்கிறது. கொக்கு நாலு காலில் தவழ்ந்து காட்டினான், அழகாக எடுத்தது. அந்தப் படத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"கேமரா பொய் சொல்லாதும்மா," என்றார் டைரக்டர். அப்படியென்றால் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

அடுத்த அமர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை, கொட்டுகிற மழையில் ஆற்றிலிருந்து நேராக நிலையத்துக்குத் திரும்பினேன். மார்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தேன். தடித்த மழைக்கோட்டு, முகத்தை மூடிய அதன் தொப்பி, கையில் ரப்பர் உறை. உடம்பில் இருந்து ஒரு குடம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கள் நிலையத்தின் நடைவழியில் புதிதாக விளக்கு போட்டிருந்தார்கள். பொத்தான் கிடையாது, ஆள் நுழைந்தால் தானாக எரியும்.

நான் நுழைந்தேன். எரியவில்லை.

இரண்டு அடி வைத்தேன். இருட்டு. கையை ஆட்டினேன். இருட்டு. ஒரு விளக்குக்குக்கூட நான் மனுஷியாகத் தெரியவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. கையுறையைக் கழற்றி வீசினேன், தொப்பியைப் பின்னால் தள்ளினேன், வாயில் வந்த வசவைச் சொல்லத் தொடங்கினேன். விளக்கு எரிந்தது.

வசவு பாதியில் நின்றுவிட்டது. விளக்கு அணையும்வரை அசையாமல் நின்றேன். தொப்பியை இழுத்து முகத்தை மூடி, கைகளைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு நடந்தேன். இருட்டு. முகத்தைத் திறந்தேன். வெளிச்சம். மூடினேன், திறந்தேன், மூடினேன். சத்தம் கேட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்த கொக்கு, நான் இருட்டில் நடைவழியில் குறுக்கும் நெடுக்கும் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"டேய் கொக்கு, இந்த விளக்கு எதப் பாத்து எரியுது?"

"ஆளப் பாத்து."

"இல்லடா. சூட்டப் பாத்து. நம்ம கேமராவும் அதே ஜாதிதான். எதிர்ல இருக்கறதவிடச் சூடா ஒண்ணு அசைஞ்சாத்தான் முழிச்சுக்கும். நீர்நாய் தண்ணியில இருந்து ஏறும்போது அதோட மேல் ரோமம் எவ்வளவு சூடா இருக்கும்?"

கொக்குவின் வாய் மெதுவாகத் திறந்தது.

நீர்நாயின் ரோமம் இரண்டு அடுக்கு. உள் அடுக்கு பஞ்சுபோல் அடர்த்தி, தண்ணீர் தோலைத் தொடாது, உடம்பின் சூடு வெளியே வராது. ஆற்றைவிட்டு ஏறுகிற நேரத்தில் அதன் வெளிப்புறம் ஆற்றைப் போலவே ஜில்லென்று இருக்கும். கேமராவைப் பொறுத்தவரை அங்கே யாருமே வரவில்லை. இதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அதே நான்தான், அது நனைந்து ஏறுகிற இடமாகப் பார்த்து மூன்று கேமராக்களையும் கட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவை இல்லாமல் போகவில்லை. ஏழெட்டு மாதமாக என் கேமராக்களுக்கு முன்னால்தான் ராஜநடை போட்டிருக்கின்றன.

மறுநாள் மழை விட்டதும் இரண்டு பேரும் வளைவுக்கு ஓடினோம். நனைந்த பிராணி எங்காவது உலர்ந்தாக வேண்டும். மணலில் புரண்டு, உதறி, ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு அது காய்கிற இடம் எது? தண்ணீர் விளிம்பைவிட்டு மேலே தவழ்ந்தோம். நாணலைத் தாண்டி, இதுவரை நாங்கள் தேவையில்லை என்று விட்டிருந்த மேட்டில், பெரிய வேருக்கு எதிரே ஒரு மணல் திட்டு இருந்தது. மணல் முழுக்க உடம்பு தேய்ந்த வழவழப்பு. திட்டின் நடுவில், சுவர் வரப்போகிற கோட்டைக் காட்ட இன்ஜினியரின் ஆட்கள் அடித்த அளவுக் கட்டை நின்றது. தலையில் சிவப்புச் சாயம், உடம்பில் கறுப்பில் எண். சிவப்புத் தலை முழுக்க எச்சம்.

நீர்நாய் தன் இடம் என்று சொல்லிக்கொள்ள மேடாக இருப்பதன் மேல்தான் எச்சம் போடும். கல், மரக்கட்டை, எது கிடைத்தாலும். தட்டையான மணலில் யாரோ அதற்கென்றே ஒரு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருந்தது.

கொக்கு மணலில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தேன், பழக்கதோஷம். அன்று காலையில் போட்டது.

மூன்று கேமராக்களையும் அந்தத் திட்டைச் சுற்றி மாற்றினோம். சூட்டுக் கண்ணை மட்டும் நம்பாமல், யார் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கடி ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படியும் அமைத்தோம். சூடு தெரிந்தால் வீடியோ, தெரியாவிட்டாலும் படம். இதில் ஒரு தொல்லை, கேமராவின் நினைவு அட்டை மளமளவென்று நிறைந்துவிடும். தினமும் ஒருவர் வளைவுக்குப் போய் மாற்ற வேண்டும், மற்றவர் உட்கார்ந்து படங்களைப் பார்க்க வேண்டும். புல். மணல். புல். காற்றில் சாய்ந்த புல். நிமிர்ந்த புல். கண் பூத்துப் போயிற்று. கொக்குவுக்குக் கனவிலும் புல் வந்ததாம், தான் ஒரு மாடாக இருந்ததாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை பிசுக்கென்று இருந்தது, குளித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். மேசையின் மறுமுனையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "அத்தை, இந்தப் பொத்தான அமுக்கிட்டே இருங்க, புல்லு தவிர ஏதாவது வந்தா கூப்பிடுங்க," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

தலையில் பாதி சோப்பு இருக்கும்போது கத்தல் கேட்டது.

"ஏம்மா! வாலும்மா! வாலு வந்திருச்சு!"

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். மாமியார் ஒரு விரலால் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றார், எடுத்தால் ஓடிவிடும் என்கிற மாதிரி. மணல் திட்டின் ஓரத்தில் தடித்த, ஈரமான, நுனி கூராகும் வால். அடுத்த படம். முழு உடம்பு. அடுத்தது. தாய், அதன் பின்னால் நாணலை விலக்கிக்கொண்டு ஒரு குட்டி. இன்னொன்று. இன்னும் ஒன்று. இந்த வருடம் மூன்று! எல்லாம் மணலில் விழுந்து புரண்டன. கொஞ்ச நேரத்தில் ரோமம் உலர்ந்தது, உடம்புச் சூடு வெளியே வந்தது, அதற்குள் கேமராவும் விழித்துக்கொண்டது. வீடியோ ஓடத் தொடங்கியது. தாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு, பெரிய வேருக்கு அடியில் இருந்த பொந்துக்குள் நுழைந்தது. திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கியது. குடும்பம் வீட்டுக்குள் போனது.

நான் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். சோப்பு நுரை அவர் சேலை முழுக்க. அவரும் குதித்தார், மூட்டுவலியெல்லாம் எங்கே போயிற்றோ. வீட்டுக்காரர் திருடன் புகுந்துவிட்டானோ என்று பதறிக்கொண்டு வந்தார்.

"மூணும் ஒண்ணு போல இருக்கு. ஒத்தையாவா வளக்குது? அப்பன்காரன் எங்க?" என்று கேட்டார் மாமியார்.

"பின்னாடி வரும் அத்தை."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்குப் பொத்தானை அமுக்கினார்.

அப்பனும் வந்தான். அவன் வந்து செய்த காரியத்தைப் பார்த்ததும் கொக்குவுக்குப் போன் செய்து, பேச முடியாமல் ஐந்து நிமிடம் சிரித்தேன்.

இரண்டாவது அமர்வுக்கு டைரக்டர் புது டை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஜன்னல்களை மூடித் திரையை இறக்கினார்கள். தாய் வந்தது, குட்டிகள் வந்தன, புரண்டன, பொந்துக்குள் போயின. கடைசிக் குட்டி பிடரியில் தொங்கிக்கொண்டு கால்களை உதைத்தபோது நீதிபதி அம்மா தன்னை மறந்து "அடடா" என்றார்.

இன்ஜினியர் கையைத் தூக்கினார். "மேடம், நீர்நாய்தான், குட்டிதான். மறுக்கல. ஆனா இது அந்த வளைவுதான்னு எப்படித் தெரியும்? மணலும் வேரும் ஆத்துல எல்லா இடத்துலயும் இருக்கு. தப்பா சொல்லல, கேக்க வேண்டியது என் கடமை."

நான் விருட்டென்று எழுந்தேன். மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது நாக்குக்கு இறங்குவதற்குள் கொக்கு என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "அக்கா, அடுத்ததப் போடுங்க. அது பேசிக்கும்," என்றான்.

போட்டேன்.

ஆண் நீர்நாய் மணல் திட்டில் ஏறியது. உதறிக்கொண்டது. நிதானமாக நடந்து அளவுக் கட்டையிடம் வந்தது, முகர்ந்தது, ஒரு சுற்று சுற்றியது, திரும்பி நின்றது, வாலைத் தூக்கியது. வேலையை முடித்துக்கொண்டு, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. கட்டையின் சிவப்புத் தலையும் கறுப்பு எண்ணும் திரையில் ஆள் உயரத்துக்கு நின்றன.

நீதிபதி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது என்னது, சிவப்பா?"

இன்ஜினியர் திரைக்குக் கிட்டப் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது காதுவரை சிவந்திருந்தார், ஆனால் உதட்டோரம் துடித்தது. "என்னோட கட்டை மேடம். பதினேழாம் நம்பர். என் கையெழுத்துதான், நானே எழுதினேன்."

"அது எங்க அடிச்சது?"

"வளைவுக்கு நட்ட நடுவுல மேடம்."

"நல்லதாப் போச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அதுவும் போட்டிருக்கு," என்றார் நீதிபதி அம்மா.

அறை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் இன்ஜினியர்தான், அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. சிரிப்பு அடங்கியதும் நீதிபதி அம்மா கொக்குவைப் பார்த்தார். "ஏங்க, இப்பவாவது நீங்க பாத்தீங்களா?"

அவன் எழுந்தான். "படத்துல பாத்தேன் மேடம். கண்ணால இன்னும் இல்ல."

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. அவன் மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது. ஒரு பொட்டு கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான். அப்படி ஒருவன் என் கூட இருந்ததால்தான் நாங்கள் காட்டிய மற்றதையெல்லாம் அந்த அறை நம்பியது என்று தோன்றியது.

வளைவைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. தாழ்வான தெருவுக்கு என்ன வழி என்று நீதிபதி அம்மா கேட்டதும் இன்ஜினியர் பென்சிலை எடுத்து, வரைபடத்தின் மேலேயே கோடு போட்டார். "சுவர ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிரலாம் மேடம். ஆத்துக்குப் பரவ இடம் கிடைக்கும், வேகமும் குறையும். வீடுகளுக்கும் இதுதான் நல்லது. முன்னாடியே இத யோசிச்சேன், யாரும் கேக்கல." கேட்டிருக்க வேண்டியது நாங்களும்தான். நாங்கள் இரண்டு தரப்பும் ஒரே ஆற்றின் இரண்டு கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, அந்த அப்பன்காரன் வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

டைரக்டர் என் தோளைத் தட்டி, "நான் அன்னிக்கே சொன்னேன்ல, கேமரா பொய் சொல்லாதுன்னு," என்றார். சொன்னார்தான், போகட்டும். நான் வாசற்படியில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆசை தீரக் கத்தினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அந்த வாரமே ஒரு விடியற்காலை நானும் கொக்குவும் வளைவுக்குப் போனோம். வேலை எதுவும் இல்லை. புட்டியும் இடுக்கியும் எடுத்துப் போகவில்லை. குடிதண்ணீரை நானே சுமந்தேன், ஜீப்பில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காற்று எங்கள் முகத்துக்கு அடிக்கிற பக்கமாகப் பார்த்து, நாணலுக்குள் குப்புறப் படுத்தோம். அவன் காலை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் சண்டை. பிறகு அமைதியானோம்.

முதலில் சத்தம்தான் வந்தது. தாயைத் தேடும் குட்டியின் கீச்சுக் குரல். வேரடியில் இருந்து ஒரு தலை நீண்டது, மீசை, சின்னக் காதுகள். தாய் வெளியே வந்து சுற்றிலும் பார்த்தது. பின்னால் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே விழுந்தன. ஒரு குட்டி மணலில் ஓடி, தடுக்கி, உருண்டு, எங்கள் நாணல் விளிம்புவரை வந்துவிட்டது. அதன் மூக்கின் ஈரம்கூடத் தெரிகிற தூரம்.

கொக்கு தொலைநோக்கியைத் தூக்கவே இல்லை. இரண்டு வருடமாக என்னோடு சேற்றில் கிடந்தவன், என் வார்த்தையை மட்டும் நம்பித் தன் பறவைகளை விட்டு வந்தவன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான்.

"அக்கா," என்றான், மூச்சைவிடச் சன்னமாக. "நான் பாத்தேன்."

நான் தலையை ஆட்டினேன். என் கண்ணில் முட்டிய தண்ணீரில், எனக்குத்தான் அன்று எதுவுமே சரியாகத் தெரியவில்லை.